ஞாயிற்றுக்கிழமை ஓடாத வீரர்

இவ்வாண்டு இதழுக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் கேட்டனர். நான் பெயர் கொடுக்கப் போவதற்குள் பாரதியாரையும் பாவேந்தரையும் தனிநாயகம் அடிகளையும் நண்பர்கள் எடுத்துக்கொண்டுவிட்டனர். எனக்கு நினைவுக்கு வந்தவர் தமிழரும் அல்லர், எழுத்தாளரும் அல்லர். அவர் ஓர் ஓட்டக்காரர். ஸ்காட்லாந்துக் குடும்பத்தில் பிறந்தவர். பெயர் எரிக் லிடல். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வென்றபோது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவர், வயது இருபத்திரண்டு. இதை எழுதும் எனக்கும் இருபத்திரண்டு வயதுதான். எங்களிருவருக்கும் உள்ள ஒற்றுமை அதோடு முடிந்துவிடுகிறது என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள்!

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தேன். அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் பேசக் கிடைத்த வாய்ப்பு குறைவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் தமிழ் இருந்தது. இரவில் குடும்ப ஜெபத்தின்போது என்னை வேதாகமத்தை உரக்க வாசிக்க வைத்துத் திருத்தியவர் என் பாட்டி. ஆக, என் தமிழுக்கு இரண்டு ஆசிரியர்கள்: ஒருவர் பள்ளியில், மற்றொருவர் வீட்டில்.

பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் பருவத்திலேயே எனக்கு ஒரு சிக்கல் வந்தது. எங்கள் பாடக் குழு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கூடும். அந்த நேரத்தில் எனக்கு ஆராதனை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். போய் உட்கார்ந்துவிட்டேன். அன்று மாலை பாட்டி தொலைபேசியில் அழைத்து, ஆலயத்துக்குப் போனாயா என்று கேட்டார். போனேன் என்று சொன்னேன். அந்த ஒரு பொய் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு நீண்டது. நண்பர்களிடம் உண்மையைச் சொல்லத் துணிவில்லை; பாட்டியிடம் உண்மையைச் சொல்லவும் துணிவில்லை. இந்த நிலையில்தான் எரிக் லிடலின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன்.

மீண்டும் என்று சொல்லக் காரணம் உண்டு. எங்கள் ஆலயத்து வாலிபர் கூட்டத்தில் 1981இல் வெளிவந்த 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்ற திரைப்படத்தை ஒருமுறை திரையிட்டார்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்ற படம் அது. அப்போது கடற்கரையில் ஓடும் காட்சியும் அதன் இசையும்தான் மனத்தில் நின்றன. வாழ்க்கையைப் படித்த பிறகுதான் படத்தில் இல்லாத பகுதியே பெரியது என்று தெரிந்தது.

கடிதங்களில் வளர்ந்த பிள்ளை

எரிக் லிடல் 1902ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் வடசீனாவின் தியென்சின் நகரில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் லிடல், லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர். தாய் மேரி. இவர்கள் சீனாவில் வாழத் தொடங்கிய காலத்தில்தான், 1900ஆம் ஆண்டில், அந்நியரையும் கிறிஸ்தவரையும் எதிர்த்து பாக்ஸர் கிளர்ச்சி மூண்டு பலர் கொல்லப்பட்டனர். அந்தக் காயம் ஆறாத ஊரில் பிறந்த பிள்ளை இவர்.

பெயர் வைத்ததிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெற்றோர் முதலில் ஹென்றி எரிக் லிடல் என்றுதான் வைக்க நினைத்தார்களாம். அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் நரகம் என்று பொருள்படும் சொல் போல ஒலிக்கும் என்று ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். மிஷனரி வீட்டுப் பிள்ளைக்கு இது பொருந்துமா? பெயர் எரிக் ஹென்றி என்று மாறியது.

ஆறு வயதில் எரிக்கும் எட்டு வயதில் அண்ணன் ராபர்ட்டும் லண்டனில் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டனர். பின்னாளில் எல்தாம் கல்லூரி என்று பெயர் பெற்ற பள்ளி அது. பெற்றோர் சீனாவுக்குத் திரும்பினர். அதன்பின் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர்கள் விடுமுறையில் வரும்போதுதான் சந்திப்பு. மற்றபடி கடிதங்கள்தாம். கப்பலில் வந்து சேரவே வாரக்கணக்கில் ஆகும்.

இதைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. கிறிஸ்தவ வளர்ப்பு என்றால் அம்மா, அப்பா, பாட்டி எல்லாரும் பக்கத்திலிருந்து ஊட்டுவது என்றே நான் நினைத்திருந்தேன். எரிக்குக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. பெற்றோர் கற்றுக்கொடுத்ததைப் பிடித்துக்கொள்வதா விடுவதா என்பதை அந்தப் பிள்ளை யாருடைய கண்காணிப்பும் இல்லாமல்தான் முடிவு செய்யவேண்டியிருந்தது. விடுதியில் வாழும் நமக்கு இது புரியாமல் போகாது.

பேசத் தயங்கிய மாணவர்

1920இல் எரிக் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். அண்ணன் அங்கே மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார். 1921இல் பல்கலைக்கழகத் திடலில் எரிக் ஓடத் தொடங்கினார். 1922, 1923ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக ஏழு ஆட்டங்களில் விளையாடினார். நாடு முழுக்க அவர் பெயர் பரவியது.

அவர் ஓடும் விதம் பயிற்றுநர்களுக்குத் தலைவலி. தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து, கைகளைக் காற்றாடி போலச் சுழற்றிக்கொண்டு ஓடுவார். எந்தப் பாடநூலிலும் இல்லாத ஓட்டம்! ஆனால் எல்லைக் கோட்டை முதலில் தொடுபவர் அவர்தாம். ஓட்டத்துக்கு முன் போட்டியாளர்கள் ஒவ்வொருவரிடமும் சென்று கைகுலுக்குவார். அந்தக் காலத்தில் தொடக்கக் கட்டைகள் கிடையாது. ஓட்டக்காரர்கள் சிறு கரண்டியால் மண்ணில் குழி தோண்டிக் காலை ஊன்றிப் புறப்படுவார்கள். தம் கரண்டியைப் பக்கத்துத் தடத்தில் நிற்பவருக்குக் கொடுத்து உதவுவதும் அவர் வழக்கம்.

அதுவரை எரிக் தம் நம்பிக்கையைப் பற்றி வெளியே அதிகம் பேசியவர் அல்லர். ஆலயத்துக்குப் போவார், ஜெபிப்பார், அவ்வளவுதான். மேடை என்றால் கூச்சம். 1923இல் டி. பி. தாம்சன் என்ற இளம் நற்செய்தியாளர் அவரைத் தேடி வந்தார். ஆர்மடேல் என்ற சிற்றூரில் நடக்கும் கூட்டத்துக்குச் சுரங்கத் தொழிலாளர்களை வரவழைக்க முடியவில்லை. ரக்பி வீரர் எரிக் பேசுகிறார் என்றால் வருவார்கள், வந்து பேச முடியுமா என்று கேட்டார். எரிக் சற்று நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டுச் சம்மதித்தார்.

ஏப்ரல் 6ஆம் நாள் நடந்த அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ஏறக்குறைய எண்பது பேர். எரிக் சொற்பொழிவு ஆற்றவில்லை. கடவுள் தமக்கு யார் என்பதைச் சாதாரணமாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலச் சொல்லிவிட்டு அமர்ந்தார். மறுநாள் செய்தித்தாள்களில் இது வந்தது.

என் கருத்தில் எரிக் லிடலின் வாழ்க்கையில் துணிவு தேவைப்பட்ட முதல் இடம் பாரிஸ் அன்று, ஆர்மடேல்தான். உள்ளுக்குள் வைத்திருந்ததை நாலு பேர் அறியச் சொல்லிவிட்டார். அன்று அங்கே வாய் திறக்காதிருந்தால், அடுத்த ஆண்டு ஊரே எதிர்த்துக் கேள்வி கேட்டபோது நிலைத்து நின்றிருப்பாரா என்பது ஐயமே.

அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் நடந்த தேசியப் போட்டியில் 100 கெஜ ஓட்டத்தை 9.7 விநாடியில் முடித்தார். அந்தப் பிரிட்டிஷ் சாதனை 35 ஆண்டுகள் நிலைத்தது. சில நாள்களில் ஸ்டோக் நகரில் 440 கெஜ ஓட்டம். தொடக்கத்திலேயே மோதல் ஏற்பட்டுத் தடத்துக்கு வெளியே புல்லில் விழுந்தார். எழுந்து பார்த்தபோது மற்றவர்கள் ஏறக்குறைய இருபது கெஜம் முன்னே போய்விட்டிருந்தனர். எழுந்து ஓடி, ஒவ்வொருவராகப் பிடித்து, முதலில் வந்து கோட்டைத் தாண்டி மயங்கி விழுந்தார். அடுத்த ஆண்டு ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் இவருக்கே என்று பிரிட்டன் நம்பத் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

பாரிஸ் ஒலிம்பிக்கின் கால அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே வெளிவந்தது. 100 மீட்டர் தகுதிச் சுற்று 1924 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. எரிக் ஓட மறுத்தார். 4 x 100, 4 x 400 மீட்டர் தொடர் ஓட்டங்களும் ஞாயிற்றுக்கிழமையில் வந்தன. அவற்றிலிருந்தும் விலகினார்.

கப்பல் ஏறும்போதுதான் அட்டவணையை அறிந்து திடுக்கிட்டதாகவும், இளவரசரே வந்து அவரைக் கெஞ்சியதாகவும் திரைப்படத்தில் காட்டியிருப்பார்கள். அவை கதைக்காகச் சேர்த்தவை. உண்மையில் அவர் வீட்டிலேயே, அமைதியாக, நேரமெடுத்து முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஓடுவதில் என்ன தவறு என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் நாட்டிலும் கிறிஸ்தவர்கள் பலர் ஞாயிறு பிற்பகலில் காற்பந்து ஆடுகிறார்கள். ஆனால் அன்றைய ஸ்காட்லாந்தில் பக்தியுள்ள வீடுகளில் ஞாயிறு ஓய்வுநாள். பத்துக் கட்டளைகளில் ஒன்று அது. அன்று வேலையும் இல்லை, விளையாட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை கவிச்சி தொடாத வீட்டில் வளர்ந்த நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெளியாருக்கு அது ஒரு கிழமை மட்டுமே. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது அம்மாவின் முகம்.

நாட்டுப்பற்று இல்லாதவர் என்று சிலர் குறை கூறினர். உறுதியாகக் கிடைக்கவேண்டிய பதக்கத்தைத் தூக்கி எறிகிறாரே என்று பலர் வருந்தினர். எரிக் யாரோடும் வாதாடவில்லை. ஞாயிறு ஓடும் மற்ற வீரர்களைப் பாவிகள் என்று சொல்லவில்லை. அட்டவணையை மாற்றும்படி போராட்டமும் நடத்தவில்லை. இழப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்குப் பயிற்சியைத் தொடங்கினார்.

ஓட்டப்பந்தயத்தில் ஈடுபட்ட நண்பர்கள் இதன் கடினத்தை அறிவார்கள். 100 மீட்டர் வேறு, 400 மீட்டர் வேறு. முழு வேகத்தில் புறப்பட்டால் பாதியிலேயே மூச்சு நின்றுவிடும். மூச்சைச் சேமித்தால் முன்னே இருப்பவர் கைக்கு எட்டமாட்டார். மாதக்கணக்கில் ஓடித்தான் அந்த அளவு பிடிபடும்.

ஜூலை 7ஆம் நாள் 100 மீட்டர் தங்கத்தைச் சக பிரிட்டிஷ் வீரர் ஹெரால்ட் ஆப்ரகாம்ஸ் வென்றார். ஜூலை 9ஆம் நாள் 200 மீட்டரில் எரிக் வெண்கலம் பெற்றார். ஜூலை 11, வெள்ளிக்கிழமை, 400 மீட்டர் இறுதிப் போட்டி. அன்று காலை அணியின் உடம்பு பிடிப்பவர் ஒருவர் மடித்த தாள் ஒன்றை எரிக்கிடம் கொடுத்தார். தம் கடவுளை மதித்தவரைக் கடவுள் கைவிடமாட்டார் என்ற பொருளில், வேதாகமக் கருத்து ஒன்றை அதில் எழுதியிருந்தார். எல்லாரும் தம்மைப் புரிந்துகொள்ளவில்லை என்றிருந்த வேளையில், தம் உடம்பைப் பிடித்துவிடும் மனிதர் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது எரிக்கைத் தொட்டிருக்க வேண்டும்.

எரிக்குக்குக் கிடைத்தது ஆக வெளித் தடம். அங்கிருந்து மற்றவர்களைப் பார்க்க முடியாது. யார் எவ்வளவு வேகம் என்று தெரியாது. துப்பாக்கி வெடித்தது. முதல் 200 மீட்டரை 22.2 விநாடியில் கடந்தார். இந்த வேகம் தாங்காது, இதோ விழப்போகிறார் என்றே பார்த்தவர்கள் நினைத்தனர். கடைசி வளைவில் தலை பின்னால் சாய்ந்தது. 47.6 விநாடி! ஒலிம்பிக் சாதனை. இரண்டாவதாக வந்த அமெரிக்கர் ஹொரேஷியோ ஃபிட்ச் எடுத்துக்கொண்ட நேரம் 48.4 விநாடி.

ஆறு நாள் கழித்து, ஜூலை 17ஆம் நாள், எடின்பரோவில் பட்டமளிப்பு விழா. பல்கலைக்கழக முதல்வர் காட்டு ஒலிவ இலைகளால் கட்டிய கிரீடத்தை அவர் தலையில் சூட்டினார். மாணவர்கள் அவரைத் தோளில் சுமந்து வீதியில் சென்றனர்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கொள்கையில் நின்றதால் தங்கம் கிடைத்தது என்று இந்தக் கதையைப் பலர் முடிப்பார்கள். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. முடிவெடுத்த நாளில் எரிக்கின் கையில் எதுவும் இல்லை. 400 மீட்டரில் கடைசியாக வந்திருந்தாலும் அவர் செய்தது சரியாகவே இருந்திருக்கும். பரிசு கிடைக்கும் என்று தெரிந்து செய்வதற்குத் துணிவு எதற்கு?

மீண்டும் சீனா

புகழின் உச்சியில் இருந்த இளைஞர் அடுத்த ஓராண்டு இறையியல் படித்தார். 1925இல் தாம் பிறந்த தியென்சினுக்கே ஆசிரியராகப் புறப்பட்டார். ஆங்கிலோ சீனக் கல்லூரியில் அறிவியலும் விளையாட்டும் கற்பித்தார். 1932இல் குருவாக அபிஷேகம் பெற்றார். 1934இல் ஃபுளோரன்ஸ் மெக்கன்சி என்ற கனடிய மிஷனரி வீட்டுப் பெண்ணை மணந்தார்.

1937இல் ஜப்பான் சீனாவின்மீது முழுப் போர் தொடுத்தது. அவ்வாண்டு இறுதியில் எரிக் நகரத்தை விட்டு, சியாவ்சாங் என்ற வறண்ட கிராமப் பகுதிக்குச் சென்றார். மனைவியையும் பிள்ளைகளையும் அங்கே அழைத்துச் செல்ல முடியவில்லை. அங்கிருந்த மருத்துவமனையில் அண்ணன் ராபர்ட் மருத்துவர். மிதிவண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனார். 1939இல், காயம்பட்ட சீனர் இருவரை, ஜப்பானியப் படையினர் நடமாடும் சாலை வழியே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார். அவர்களில் ஒருவர் கழுத்தில் வாளால் வெட்டப்பட்டிருந்தார். அவர் பிழைத்துக்கொண்டார்.

1941இல் நிலைமை மோசமானது. கருவுற்றிருந்த மனைவியையும் இரு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்துவிட்டு எரிக் மட்டும் தங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் மூன்றாவது மகள் மோரீன் பிறந்தாள். தந்தையும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். என் பாட்டியும் 1941இல் பிறந்தவர், பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். 1943இல் அவருடைய தந்தையை ஜப்பானியர்கள் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். ஆயிரமாயிரம் தோட்டத் தமிழர்களைப் போல அவரும் திரும்பி வரவில்லை. பாட்டிக்கு அப்பாவின் முகம் நினைவில்லை. ஒரு படமும் இல்லை.

முகாமில் ஒரு நடுவர்

1943 மார்ச் மாதம் எரிக்கையும் மற்ற மேலைநாட்டவரையும் ஜப்பானியர்கள் ஷான்டோங் மாநிலத்தின் வெய்ஷியன் முகாமில் அடைத்தனர். ஒரு பழைய மிஷன் வளாகம் அது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அதில் நெருக்கியடித்து வாழ்ந்தனர். பெற்றோரைப் பிரிந்த விடுதிப் பள்ளிப் பிள்ளைகளும் ஏராளம். எரிக்கே ஒரு காலத்தில் அப்படிப்பட்ட பிள்ளை அல்லவா? அவர்களுக்கு அறிவியல் கற்பித்தார். விளையாட்டுப் போட்டிகள் நடத்தினார். முதியோருக்குத் தண்ணீரும் நிலக்கரியும் சுமந்தார். பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் எரிக் மாமா.

முகாமில் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் கிடையாது. எரிக்கின் கொள்கை அதுதான். ஒரு ஞாயிறு இளைஞர்கள் சிலர் தாங்களாகவே ஹாக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இல்லாததால் ஆட்டம் அடிதடியில் முடிந்தது. எரிக் யோசித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை திடலுக்கு வந்து அவரே நடுவராக நின்றார்!

ஒலிம்பிக் தங்கத்துக்காக, நாட்டுக்காக, புகழுக்காக விட்டுக்கொடுக்காத ஒன்றை, பெற்றோரைப் பிரிந்து பசியோடு இருந்த பிள்ளைகளுக்காக விட்டுக்கொடுத்தார். அவர் மாறிவிட்டார் என்று சிலர் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாரிஸிலும் வெய்ஷியனிலும் அவர் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இப்போது கடவுள் என்னிடம் எதை எதிர்பார்க்கிறார்? பெற்றோர் கொடுத்த சட்டத்தை அவர் மனப்பாடமாக வைத்திருக்கவில்லை. அதன் உள்ளே இருந்த அன்பைத் தமதாக்கிக்கொண்டிருந்தார். தமதாக்கிக்கொண்டவருக்குத்தான் எங்கே நிற்க வேண்டும், எங்கே இறங்கி வரவேண்டும் என்பது தெரியும்.

அந்த முகாமில் ஸ்டீபன் மெட்காஃப் என்ற பதின்ம வயதுப் பையன் இருந்தான். பகைவருக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்று எரிக் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார். தாமும் தம்மைக் காவல் காத்த ஜப்பானியருக்காக ஜெபித்தார். குளிர்காலத்தில் அந்தப் பையனின் காலணி பிய்ந்து போனதைப் பார்த்து, தம் பழைய ஓட்டக் காலணிகளைத் தைத்துச் சரிசெய்து கொடுத்தார். சில வாரங்களில், 1945 பிப்ரவரி 21ஆம் நாள், மூளைக் கட்டியால் எரிக் லிடல் காலமானார். வயது 43. இறந்த அன்றும் மனைவிக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் இறந்த செய்தி கனடாவிலிருந்த ஃபுளோரன்ஸுக்கு மே மாதம்தான் எட்டியது. ஆகஸ்ட் 17ஆம் நாள் முகாம் விடுதலையானது.

மெட்காஃப் பின்னாளில் மிஷனரியாகச் சென்ற நாடு எது தெரியுமா? ஜப்பான்!

பகைவருக்காக ஜெபிப்பது என்ற பகுதி எனக்கு எளிதில் செரிக்கவில்லை. முப்பாட்டனை இழந்த வீட்டுப் பெண் நான். ஆனால் எரிக் அதைப் பாதுகாப்பான நாட்டில் நாற்காலியில் அமர்ந்து சொல்லவில்லை. முள்வேலிக்குள் நின்று சொன்னார். அதனால் அதை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அவர் அடக்கம் செய்யப்பட்ட ஊரில் 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகம் ஸ்காட்லாந்துக் கருங்கல்லால் நினைவுக்கல் ஒன்றை நிறுவியது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2024இல், ஒலிம்பிக் மீண்டும் பாரிஸுக்கு வந்தபோது அவரைப் பலரும் நினைவுகூர்ந்தனர்.

என் ஆர்மடேல்

இனி என் கதையை முடித்துவிடுகிறேன். சென்ற பருவத்தில் புதிய பாடக் குழு அமைந்தது. வழக்கம்போல ஞாயிறு காலை ஒன்பது மணி என்றார்கள். நெஞ்சு படபடத்தது. ஞாயிறு காலையில் நான் ஆலயத்துக்குப் போவேன், பிற்பகல் இரண்டு மணிக்கு வருகிறேன், தாமதத்துக்கு ஈடாகத் தட்டச்சு வேலை முழுவதையும் நானே செய்கிறேன் என்றேன். ஒரு கணம் அமைதி. பிறகு குழுவிலிருந்த மலாய்த் தோழி, அப்படியானால் எல்லாருமே இரண்டு மணிக்குக் கூடலாமே, வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கூட்டம் வைத்தால் நாங்கள் மட்டும் வருவோமா என்றாள். அவ்வளவுதான்! இதைச் சொல்லவா ஒன்றரை ஆண்டு பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது. எல்லா இடத்திலும் இப்படி எளிதாக முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சொல்லிப் பார்க்காமல் அதையும் தெரிந்துகொள்ள முடியாதே.

அதைவிடக் கடினமான காரியம் ஒன்று மீதியிருந்தது. பாட்டியை அழைத்து, இத்தனை நாள் போனேன் என்று சொன்னதெல்லாம் பொய் என்று சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

நண்பர்களே, இதை உங்களை ஆலயத்துக்கு அழைப்பதற்காக எழுதவில்லை. நம் ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். சிலருக்கு நெற்றியில் திருநீறு, சிலருக்குக் கார்த்திகை விரதம், சிலருக்கு ஐந்து வேளைத் தொழுகை, நம் எல்லாருக்கும் தமிழ். கண்காணிப்பார் யாரும் இல்லாத இந்த மூன்று, நான்கு ஆண்டுகளில்தான் அது பெற்றோருடையதாகவே நின்றுவிடுமா, நம்முடையதாக மாறுமா என்பது முடிவாகிறது. எதிர்த்துக் கத்துவதற்குப் பெரிய துணிவு வேண்டியதில்லை. பிறரைக் குறை சொல்லாமல், இழப்பைத் தானே ஏற்றுக்கொண்டு, இதுதான் நான் என்று மெல்லச் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டும். எரிக் லிடல் என்ற இருபத்திரண்டு வயது மாணவரிடம் நான் கற்றுக்கொண்டது அதுவே.

அடுத்த ஞாயிறு பாட்டி மீண்டும் அழைப்பார். இம்முறை நான் உண்மையைச் சொல்வேன், அது போனேன் என்பதாக இருந்தாலும் போகவில்லை என்பதாக இருந்தாலும்.